மரபின் வாரிசு யார்?

மரபைப் பேண வேண்டும் என்று சொல்லாதார் இன்று யாருமிலர். அரசாங்கம் சொல்கிறது, வங்கிகளின் நாட்காட்டிகள் சொல்கின்றன, உல்லாசப் பயணக் கம்பனிகள் அதைச் சொல்லியே பிழைக்கின்றன. ஆனால், பேணப்படும் பொருளுக்கு உரியவர் யார் என்று ஒருவன் கேட்டுவிட்டால் அவையில் அமைதி குடிகொண்டுவிடுகிறது. ஆபிரிக்க மரபைப் பற்றி இன்று உலகெங்கும் நடைபெறும் விவாதத்தின் உயிர்நிலை இந்த வினாவே என்பது எமது கருத்து. கடல் கடந்து விற்கப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகள், விற்கப்படாது எஞ்சியவர்களின் பேரப்பிள்ளைகள், விற்றவர்களின் பேரப்பிள்ளைகள் ஆகிய முத்திறத்தாரும் ஒரே முதுசத்தின் முன்னே நிற்கின்றனர். யாழ்ப்பாணத்து நொத்தாரிசு ஒருவரிடம் விட்டால் நாலு சாட்சிகளை வைத்து உறுதி முடித்துவிடுவார். வரலாற்றுக்கு அத்தகைய நொத்தாரிசு வாய்க்கவில்லை.

முதலில் ஒரு பாட்டின் கதையைச் சொல்லவேண்டும்.

ஐக்கிய அமெரிக்காவின் தென்கிழக்குக் கரையோரத்தில், தென் கரோலினா, ஜோர்ஜியா ஆகிய மாநிலங்களின் தீவுகளிலும் சதுப்பு நிலங்களிலும் வாழும் கறுப்பு மக்கள் பேசும் மொழிக்குக் குல்லா என்று பெயர். இம்மக்களின் முன்னோரிற் பலர் சியெரா லியோனும் அதனை அடுத்த கரையோரமும் ஆகிய நெல்விளையும் நாடுகளிலிருந்து பிடித்துவரப்பட்டவர்கள். வயல் செய்யத் தெரிந்த கைகள் அவை. அதனாலேயே அமெரிக்கப் பண்ணை முதலாளிமார் அவற்றுக்குக் கூடிய விலை கொடுத்தனர். அவர்களுடைய மொழியை வெள்ளை அறிஞர் நெடுங்காலம் சிதைந்த ஆங்கிலம் என்றே எழுதிவந்தனர். நாக்கின் சோம்பலால் விளைந்த பேச்சு என்றவர்களும் உளர். 1930களின் தொடக்கத்தில் லொறென்சோ ரேணர் என்ற கறுப்பின மொழியியலறிஞர் ஒலிப்பதிவுக் கருவியைச் சுமந்துகொண்டு அக்கரையோரத்துக்குச் சென்றார். ஹரிஸ் நெக் என்னும் ஊரில் ஒரு பெண் அவருக்கு ஐந்தடிப் பாட்டொன்றைப் பாடிக்காட்டினாள். அதன் பொருள் அவளுக்குத் தெரியாது. பாட்டி வழியாக வந்த பாட்டு. பிள்ளைகளுக்கு விளையாட்டுக் காட்டப் பாடுவது. அவ்வளவே அவள் அறிந்தது. அமெரிக்காவிற் படித்துக்கொண்டிருந்த சியெரா லியோன் மாணவர் ஒருவர் அதைக் கேட்டு, இது எமது மெண்டே மொழியல்லவா என்றார். ரேணர் 1949இல் வெளியிட்ட நூல், குல்லா மொழியில் ஆபிரிக்கச் சொற்கள் எத்துணை ஆழமாக வேரோடியுள்ளன என்பதை மறுக்கவொண்ணாதபடி நிறுவிற்று.

கதை அங்கு முடியவில்லை. 1990 அளவில் ஒரு மானிடவியலாளர், ஓர் இசை ஆய்வாளர், சியெரா லியோனைச் சேர்ந்த ஒரு மொழியியலாளர் ஆகிய மூவர் அப்பாட்டைக் கையிலெடுத்துக்கொண்டு மெண்டே நாட்டில் ஊரூராகத் தேடினர். செனெகுன் கோலா என்ற உட்கிராமத்தில் ஒரு பெண் அதைக் கேட்டதும் தானும் சேர்ந்து பாடினாள். அவளுடைய ஊரில் அது விளையாட்டுப் பாட்டன்று. புதைகுழியருகே இறந்தவரை வழியனுப்பும் பாட்டு. அவளுக்கும் பாட்டியே அதைக் கற்றுக்கொடுத்திருந்தாள். பிரிந்துபோன உறவினர் என்றோ ஒருநாள் திரும்பி வருவர், அவர்களை இப்பாட்டைக்கொண்டு அறிந்துகொள் என்று சொல்லியும் வைத்திருந்தாள். 1991இல் அந்நாட்டில் உள்நாட்டுப் போர் மூண்டது. 1997இலேதான், அமெரிக்காவிற் பாடிய பெண்ணின் மகள், தானும் முதியவளாகிவிட்ட நிலையில், குடும்பத்தோடு அக்கிராமத்தில் வந்திறங்கித் தாயின் பாட்டைப் பாட முடிந்தது.

கண் கலங்கவைக்கும் இக்கதையை நாம் மாணவர்க்குப் பலமுறை சொல்லியிருக்கிறோம். எனினும், அதிற் கவனிக்க வேண்டியது கண்ணீரை மட்டுமன்று. அப்பாட்டை எந்த மன்னனும் பேணவில்லை. எந்த நூதனசாலையும் காக்கவில்லை. எழுத்தறியாத பாட்டிமார் இருவர், கடலின் இரு கரையிலுமிருந்து, பேத்தியரின் வாயில் அதை வைத்துச் சென்றனர். ஒரு கரையில் ஒப்பாரியாக இருந்தது மறு கரையில் விளையாட்டுப் பாட்டாக மாறிற்று. மாறியதனாலேயே பிழைத்தது என்றுகூடச் சொல்லலாம். மாறாமற் காப்பதே பேணல் என்று வாதிக்கும் நம்மவர் சிலர் இதைச் சற்று எண்ணிப் பார்த்தல் நன்று.

இன்னுமொன்று. பாட்டைக் காத்த ஹரிஸ் நெக் மக்களுக்கு அவர்களுடைய நிலம் மிஞ்சவில்லை. 1942இல், யுத்தகாலத்தில், விமானத்தளம் அமைக்கவென்று அரசாங்கம் அக்கறுப்புக் குடும்பங்களை வெளியேற்றிக் காணிகளை எடுத்துக்கொண்டது. யுத்தம் முடிந்தது, காணி திரும்பவில்லை. 1962இல் அது பறவைகளுக்கான காப்பிடமாக்கப்பட்டது. கொக்குக்கும் நாரைக்கும் அங்கு உரிமை உண்டு. அவ்வூர் மக்களின் வழித்தோன்றல்கள் தங்கள் நிலத்தைத் திருப்பித் தருமாறு பல பத்தாண்டுகளாகக் கேட்டு வருகின்றனர். பாட்டைப் பாராட்டுவதற்குச் செலவில்லை. காணியைக் கொடுப்பதற்குச் செலவுண்டு. மரபைப் பற்றிய பேச்சு எவ்விடத்தில் இனிக்கிறது, எவ்விடத்திற் கசக்கத் தொடங்குகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

பாட்டின் வழக்கு எளிது. அதை இருவர் பாடினாலும் ஒருவருக்குக் குறைவதில்லை. உலோகத்தின் வழக்கு அப்படியன்று.

இன்றைய நைஜீரியாவிலுள்ள பெனின் நகரை 1897இல் பிரித்தானியப் படை தாக்கி எரித்தது. மன்னன் ஒவொன்றம்வென் கலபார் நகருக்கு நாடுகடத்தப்பட்டான். அரண்மனையிலிருந்த பித்தளைத் தகடுகளும் சிரசுகளும் தந்தச் சிற்பங்களுமாக ஆயிரக்கணக்கான பொருள்கள் லண்டனுக்குக் கப்பலேறின; அங்கிருந்து ஐரோப்பாவெங்கும் விலைப்பட்டன. கொள்ளையடிக்கப்பட்டவை, ஆதலால் திருப்பிக் கொடுக்கப்பட வேண்டியவை. இதில் எமக்கு ஐயமில்லை. 2022இல் ஜேர்மனி ஏறத்தாழ 1100 பொருள்களின் உரிமையை நைஜீரியாவுக்கு மாற்ற உடன்பட்டது. அதே ஆண்டில் வாஷிங்டனிலுள்ள சிமித்சோனியன் நிறுவனம் 29 பொருள்களை ஒப்படைத்தது.

அப்பொழுதுதான் எதிர்பாராத ஒரு குரல் எழுந்தது. அமெரிக்காவில் வாழும் அடிமைகளின் வழித்தோன்றல்கள் சிலர், அவற்றைக் கொடுக்கலாகாது என்று நீதிமன்றம் சென்றனர். அவர்களுடைய நியாயம் எளிதில் ஒதுக்கத்தக்கதன்று. பெனினின் பித்தளை எங்கிருந்து வந்தது? போர்த்துக்கேயரும் அவர்களின் பின்வந்த ஐரோப்பியரும் மனிலா எனப்படும் பித்தளை வளையங்களை விலைப்பணமாகக் கொண்டுவந்தனர். மிளகுக்கும் தந்தத்துக்கும் கொடுத்தது போலவே மனிதருக்கும் அவற்றைக் கொடுத்தனர். அவ்வளையங்களை உருக்கியே அரண்மனைக் கன்னார் சிற்பம் வார்த்தனர். அவ்வுலோகம் ஜேர்மனியின் ரைன் ஆற்றங்கரைச் சுரங்கங்களிலிருந்து வந்தது என்பதை 2023இல் வெளியான இரசாயன ஆய்வொன்று காட்டிற்று. ஆகவே அவர்கள் கேட்டனர்: அந்தப் பித்தளை எங்கள் பாட்டனின் விலை, அதை விற்றவனின் வாரிசுக்குக் கொடுத்துவிட்டு எங்களைக் கைகழுவுவது எந்த நீதி?

நீதிமன்றம் அவர்களின் கோரிக்கையை ஏற்கவில்லை. 2023இல் நைஜீரியாவின் அந்நாள் ஜனாதிபதி, திரும்பிவரும் பொருள்கள் யாவும் பெனின் மன்னருக்கே உரியன என்று பிரகடனம் செய்தார். இவ்விரண்டையும் அடுத்தடுத்து வைத்துப் பார்க்கையில் எமது மனம் ஒரு நிலையில் நிற்கவில்லை என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். பொருள்கள் ஆபிரிக்காவுக்குத் திரும்ப வேண்டும், ஐயமில்லை. ஆனால், திரும்பிய பொருள் அரண்மனைக் கதவுக்குள் நுழைந்ததோடு மரபு மீட்கப்பட்டுவிட்டதா? வார்த்த கன்னானுக்கும், உருகிய வளையத்துக்கு ஈடாகக் கப்பலேறியவனுக்கும் அதிற் பங்கு எங்கே?

நம்மூரில் ஒரு வழக்குண்டு. தகப்பன் விட்டுச் சென்ற வளவு வேண்டுமென்றால் தகப்பன் பட்ட கடனையும் ஏற்கவேண்டும். வளவு எனக்கு, கடன் ஊருக்கு என்று சொல்பவனைப் பிள்ளையென்று மதியார். எமது எண்ணத்தில் மரபின் வாரிசுரிமையும் இத்தகையதே. இரத்தத்தைக் காட்டியோ பட்டத்தைக் காட்டியோ உரிமை கோருவது போதாது; அப்பொருளோடு வந்த கடனை யார் ஏற்கின்றனர் என்பதே உரைகல். அக்கடனிற் பெரும்பங்கு ஐரோப்பிய முதலாளித்துவத்தின் தலையிலேயே விழுகிறது. இதை மறைப்பதற்காகவே சிலர், ஆபிரிக்கரும் ஆபிரிக்கரை விற்றனரே என்று நீட்டி முழக்குவர். அத்தகையோரின் கையில் ஆயுதம் கொடுத்துவிடுவோமோ என்றஞ்சி, ஆபிரிக்க ஆளும் வர்க்கத்தின் பங்கைப் பற்றி முற்போக்காளர் வாய் திறவாதிருத்தலும் தவறே. 1999இல் பெனின் குடியரசின் ஜனாதிபதி மத்தியூ கெரெக்கு அமெரிக்காவின் போல்ற்றிமோர் நகரத் தேவாலயமொன்றில் முழந்தாளிட்டு, தம் நாட்டு மன்னர்கள் செய்த விற்பனைக்காகக் கறுப்பு மக்களிடம் மன்னிப்புக் கேட்டார். (இப்பெனின், மேலே சொன்ன பெனின் நகரமன்று; முன்னாள் தகோமி அரசு இருந்த நாடு.) மன்னிப்பு கடன் தீர்க்காதுதான். கடனுண்டு என்று ஒப்புக்கொள்வதற்கேனும் உதவும்.

இனி, திரும்பிச் செல்லும் மனிதரின் கதைக்கு வருவோம். புலம்பெயர்ந்தோர் என்று இவர்களை அழைக்கும்போது எமது நா சற்றுத் தயங்குகிறது. இவர்கள் பெயர்ந்தவர்களல்லர்; பெயர்க்கப்பட்டவர்கள்.

கானாவின் எல்மினாக் கோட்டையைப் போர்த்துக்கேயர் 1482இற் கட்டினர். 1637இல் ஒல்லாந்தர் கைப்பற்றினர். யாழ்ப்பாணக் கோட்டையைப் பார்த்து வளர்ந்த நமக்கு இந்த வரிசை புதிதன்று. எல்மினாவிலும் அருகிலுள்ள கேப் கோஸ்ற் கோட்டையிலும் நிலவறைகள் உண்டு. கப்பல் வரும்வரை மனிதரை அடைத்துவைத்த இருட்டறைகள். இன்று அவற்றைக் காணவரும் அமெரிக்கக் கறுப்பருக்கு அது சுடுகாடு, கோயிலும் அதுவே. அவ்வூரவருக்கோ அது பல அரசுகளுக்கு அலுவலகமாகவும் சிறையாகவும் பயன்பட்ட பழைய கட்டடம். 1990களிற் கோட்டைகளைப் பழுதுபார்த்து வெள்ளையடித்தபோது, எங்கள் முன்னோரின் துயரத்துக்குச் சுண்ணாம்பு பூசுகிறீர்களா என்று வந்தவர்கள் கொதித்தெழுந்தனர். இடிந்து விழுவதைத் திருத்தக்கூடாதா என்று ஊரவர் திகைத்தனர். இரு தரப்பிலும் உண்மையுண்டு. வந்தவர்களை இன்னும் வருத்திய செய்தி வேறொன்று. தெருவிற் சிறுவர் அவர்களை ஒப்ருனி என்று கூப்பிட்டனர். வெள்ளைக்காரர், வெளிநாட்டார் என்பதே அச்சொல்லின் பொருள். நானூறு ஆண்டு அமெரிக்காவிற் கறுப்பர் என்று மிதிபட்டு, தாயகமென்று வந்திறங்கிய இடத்தில் வெள்ளையரென்று அழைக்கப்பட்டால் நெஞ்சு எவ்வாறிருக்கும்! ஆனால், சிறுவனின் கண்ணிற் பட்டது தோலின் நிறமன்று. காலிற் கிடந்த சப்பாத்தும் தோளிற் தொங்கிய கமெராவுமே. வர்க்கத்துக்குச் சிறுவர் வைத்த பெயர் அது.

அசாந்தி மக்களிடையே பழைய கட்டளையொன்று உண்டு: ஒருவனுடைய பூர்வீகத்தை மற்றொருவன் வெளியிடலாகாது. போரிற் பிடிபட்டு வந்தவனும் விலைக்கு வாங்கப்பட்டவளும் குடும்பத்துள் ஒன்றாகிவிட வேண்டும் என்ற கருணை அதிலிருந்தது. பிறப்பைச் சொல்லிக் காட்டியே ஒருவனை வாசலில் நிறுத்தும் நம் சமூகம் அதைக் கேட்டு வெட்கப்பட வேண்டும். ஆயினும், அதே கட்டளை கேள்வியின் வாயையும் அடைத்தது. நான் யாருடைய பிள்ளை என்று கேட்டுவந்தவளுக்கு, அதைக் கேட்காதே என்பதே இங்குள்ள மரியாதை.

சுதந்திரத்தின் விடியலில் இவ்வுறவு வேறு அடிப்படையில் எழுந்தது. குவாமே நிக்ருமாவின் அழைப்பை ஏற்று 1961இல் டு பொய்ஸ் அக்ராவுக்கு வந்தார். தொண்ணூறு வயதைக் கடந்த அப்பேரறிஞர் 1963இல் கானாப் பிரசையாகவே கண்மூடினார். ஆசிரியர், மருத்துவர், எழுத்தாளர் எனப் பலர் அந்நாட்களில் வந்தனர். அவர்கள் வந்தது பார்ப்பதற்கன்று. ஒரு நாட்டைக் கட்டுவதற்கு. 1966இல் இராணுவம் நிக்ருமாவைக் கவிழ்த்தபின் அவர்களுட் பலர் வெளியேற நேர்ந்தது. 2019இல் கானா அரசு, வேர்ஜீனியாவில் முதல் ஆபிரிக்கர் இறக்கப்பட்டு 400 ஆண்டு நிறைந்ததை முன்னிட்டு அதனைத் திரும்பிவரும் ஆண்டாகக் கொண்டாடியது. அவ்வாண்டில் 126 பேருக்கும், 2024இல் 524 பேருக்கும் குடியுரிமை வழங்கப்பட்டது. நல்லதே. ஆனால், விளம்பரத்தின் மொழி மாறிவிட்டது. தோழரே என்றழைத்த குரல் இப்பொழுது முதலீட்டாளரே என்று அழைக்கிறது. அக்ராவில் வீட்டுக்காரர் வாடகையை டொலரிற் சொல்கின்றனர். ஈராண்டு முற்பணம் கேட்கின்றனர். அவ்வூர் இளம் ஆசிரியர் ஒருவரின் சம்பளம் அதற்கு எட்டுமா? அசெபு என்னுமிடத்தில் பாரம்பரியத் தலைவர், திரும்பி வருவோருக்கென்று ஏறத்தாழ 5000 ஏக்கர் நிலத்தை ஒதுக்கினார். அந்நிலத்தில் தலைமுறை தலைமுறையாகப் பயிர்செய்த குடும்பங்கள் சில வழக்காட வேண்டியதாயிற்று.

இதைக் கேட்கும்போது லைபீரியாவின் ஞாபகம் வராமற் போகாது. விடுதலை பெற்ற அமெரிக்கக் கறுப்பர் 1820களில் அங்கு குடியேறினர். 1847இற் குடியரசை அமைத்தனர். சுதந்திரத்தின் மீதுள்ள காதலே எம்மை இங்கு கொணர்ந்தது என்னும் கருத்தை அரச முத்திரையிற் பொறித்தனர். எம்மை என்றது யாரை? முன்பே அங்கிருந்தவர்களை எவரும் எங்கிருந்தும் கொணரவில்லையே! உண்ணாட்டு மக்களுக்கு ஏறத்தாழ நூறாண்டுவரை வாக்குரிமை இல்லை. அவர்களைப் பிடித்துக் கட்டாய வேலைக்காகப் பெர்னாண்டோ போ தீவுக்கு அனுப்பியமையை 1930இற் சர்வதேச சங்கத்தின் விசாரணைக் குழு வெளிப்படுத்தியது. ஜனாதிபதி பதவி விலகினார். கசையடி பட்டவனின் பேரன் கசையை எடுத்த கதை இது. ஒரு கட்சியின் நூறாண்டு ஆட்சி 1980இல் இரத்தத்தில் முடிந்தது. அடிமைப்பட்டவன் என்ற நினைவு ஒருவனைத் தானாகவே நீதிமானாக்கிவிடாது.

அப்படியாயின் ஆபிரிக்க இளைஞனின் பங்கு என்ன? உலகில் மிக இளைய கண்டம் அது. மக்களிற் பாதிப்பேர் இருபது வயதுக்கும் உட்பட்டவர்கள். அவர்களுக்கு மரபை ஊட்ட வேண்டும் என்கின்றனர், மருந்து ஊட்டுவது போல. கென்யாவில் நடந்தது வேறு. கூகி வா தியாங்கோ சிறுவனாயிருந்த காலத்தில், பள்ளியிற் கிக்கூயு பேசிய பிள்ளையின் கழுத்திற் பலகையொன்றைத் தொங்கவிடுவர். அடுத்துத் தாய்மொழி பேசுபவனைக் காட்டிக்கொடுத்தால் பலகை அவன் கழுத்துக்கு மாறும். காட்டிக்கொடுத்தலையே முதற்பாடமாகப் புகட்டிய கல்வி! அதே கூகி, பல்கலைக்கழகப் பேராசிரியராகியபின், 1977இற் கமிரித்து என்னும் சிற்றூரில் தோட்டத் தொழிலாளரோடும் வேலையற்ற இளைஞரோடும் கூடிக் கிக்கூயு மொழியில் நாடகமொன்றை மேடையேற்றினார். பழைய பாட்டுகளையும் சடங்குகளையும் ஊரவரே திருத்திக் கொடுத்தனர். மேடையையும் அவர்களே தம் கையாற் கட்டினர். மரபு அங்கே கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கவில்லை. கூலி ஏன் குறைவு, காணி யாரிடம் போயிற்று என்று கேட்டது. சில வாரங்களில் அரசு நாடகத்தைத் தடைசெய்தது. ஆண்டின் இறுதிநாளில் கூகியைச் சிறைப்பிடித்தது. 1982இல் அரங்கையே இடித்துத் தள்ளியது. செய்தது பிரித்தானியத் தேசாதிபதியல்ல. சுதந்திரக் கென்யாவின் அரசு. அருங்காட்சியகத்துக்கு நிதி வழங்கும் ஓர் அரசு இளைஞர் கட்டிய மேடையை ஏன் இடிக்கிறது என்பதை மாணவரிடம் விட்டுவிடுகிறோம். அவர்கள் நம்மைவிட விரைவிற் கண்டுபிடிப்பர்.

போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் ஆபிரிக்கரை மேற்கே மட்டும் கொண்டுசெல்லவில்லை. நம் நாட்டுக்கும் கொண்டுவந்தனர். அவர்களுடைய வழித்தோன்றல்கள் புத்தளத்தை அடுத்த சிரம்பியடியில் இன்றும் வாழ்கின்றனர். காப்பிலியர் என்று நாம் அவர்களை அழைக்கிறோம். புறமதத்தவன் என்று பொருள்படும் அரபுச் சொல்லிலிருந்து வந்த பெயர். புத்தளம் மாவட்டத்திற் கற்பித்த காலத்தில் அங்கு ஒருமுறை சென்றிருந்தோம். போர்த்துக்கேயம் கலந்த மொழியில் மஞ்சாப் பாட்டொன்றை மூதாட்டி ஒருத்தி பாடினாள். சிரட்டையும் கரண்டியும் தாளமிட்டன. பேரன் றபானை அடித்தான். பொருள் என்னவென்று எமது அரைகுறைச் சிங்களத்தில் அவனைக் கேட்டோம். அவன் பாட்டியைப் பார்த்தான். சில சொற்களுக்கு அவள் பொருள் சொன்னாள். சிலவற்றுக்கு, அம்மா இப்படித்தான் பாடினாள் என்றாள்.

“சேர், ஆபிரிக்காவில் எங்களுடைய இடம் எது?” என்று அவன் கேட்டான். மொசாம்பிக் கரையிலிருந்து பலர் கொண்டுவரப்பட்டனர் என்பதற்கு மேல் எம்மாற் சொல்ல முடியவில்லை. அடுத்த கிழமை பாடசாலை அட்லஸை எடுத்துச் சென்றோம். அந்நீண்ட கரையை அவன் விரலால் மேலிருந்து கீழாகத் தடவிப் பார்த்தான், பாட்டிக்கும் காட்டினான். பிறகு பக்கத்தைப் புரட்டி, கட்டார் எங்கேயிருக்கிறது என்று கேட்டான். அண்ணன் அங்கேதான் வேலைக்குப் போகப்போகிறானாம்.